சேர் பொன்னம்பலம் இராமநாதனார் சரித்திரச் சுருக்கம்

மார்கழிப் பூரணையிலே தொடங்கி வைகாசிப் பூரணையிலே நிறைவுறுவது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அக்காலத்தில் மலையடிவாரத்துள்ள எமது நல்லதண்ணி இரவும் பகலும் உறங்குவதில்லை. சைவர் அம்மலைமுடியிற் சிவபெருமான் திருவடியைத் தரிசிக்கின்றனர். பௌத்தர் புத்தர்பிரான் பாதத்தையும், இசுலாமியர் ஆதிபிதாவின் பாதத்தையும் அங்கே வணங்குகின்றனர். யாத்திரை முடிவுறும் வைகாசிப் பூரணை இலங்கை முழுவதற்கும் பொது விடுமுறை நாள். பௌத்தர் பலகாலம் வேண்டிநின்ற அவ்விடுமுறை 1885-ஆம் ஆண்டிற் கிடைத்தது. அவ்வேண்டுகோளுக்குச் சட்டநிரூபண சபையிலே துணைநின்ற சைவத்தமிழர் ஒருவர் உளர். அவரே சேர் பொன்னம்பலம் இராமநாதனார்.

அவருடைய நினைவுநாள் கார்த்திகை மாதத்தில் வருவது. அந்நாளையொட்டி அவர் வரலாற்றை மாணாக்கர்க்கு எடுத்துச் சொல்லிவந்த யான், ஒருமுறை ஒரு வினாவுக்கு விடைகூற இயலாது நின்றேன். கொழுந்து பறிக்குந் தாய்க்குப் பிறந்த ஒரு மாணாக்கி எழுந்து, நம்முடைய பாட்டனார்க்கும் பாட்டிமார்க்கும் வாக்குரிமை கொடுத்தலாகாது என்று வாதித்தவரும் இவர்தாமோ என்று வினவினாள். ஆம் என்பதே உண்மையான விடை. ஆயினும் அவ்வொரு சொல்லோடு நின்றுவிட்டால் அப்பெரியார்க்கு நீதி செய்தவராகோம். அதனை மறைத்து அவரைப் புகழ்வோமாயின் அச்சிறுமிக்கு நீதி செய்தவராகோம். ஆதலின் அவர் வரலாற்றை நிறையுங் குறையும் மறையாது, சைவப் பாடசாலைகளிற் பணிபுரியும் ஆசிரிய அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

பிறப்பும் மரபும்

இராமநாதனார் 1851-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 16-ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாய் மரபினராகிய பொன்னம்பல முதலியார். கொழும்புக் கச்சேரியிலே காசாளராக விளங்கியவர். கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுரர் ஆலயத்தை எடுப்பித்தவர் அவரே. தாயார் செல்லாச்சி அம்மையார். அவ்வம்மையாரின் தந்தையார் குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையில் அமர்ந்த முதற்றமிழர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமியும் அச்சபையில் வீற்றிருந்தவர். இராமநாதனார்க்குத் தமையனார் குமாரசுவாமி, தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம். மூவருள் ஒருவரேனும் பொதுவாழ்வை விட்டு ஒதுங்கியவரல்லர். பாட்டனார் முதலாக அக்குடும்பத்தார்க்குச் சட்டசபை வழிவழி வந்த கடமைபோலாயிற்று.

கொழும்பு அக்கடமியிற் கற்றபின், பதின்மூன்று வயதளவிற் சென்னை சென்று இராசதானிக் கல்லூரியிலே பயின்றார். மீண்டுவந்து சேர் றிச்சட் மோகன் என்னும் சட்டமேதையிடம் சட்டம் பயின்று நியாயதுரந்தரரானார். வழக்குத் தீர்ப்புக்களை ஆராய்ந்து தொகுத்து அவர் வெளியிட்ட நூல்கள் நெடுங்காலம் நீதிமன்றங்களிலே பயன்பட்டன.

நாவலர் பெருமான் தெரிவு

1879-ஆம் ஆண்டிலே சேர் முத்துக்குமாரசுவாமி சிவபதமடைய, சபையிலே தமிழர்க்குரிய இடம் வெறுமையாயிற்று. அந்நாளில் அங்கத்தவரைக் குடிகள் தெரிவதில்லை, தேசாதிபதியே நியமிப்பார். ஆயினும் குடிகளின் கருத்து அவர் செவிக்கு எட்டுதல் வேண்டுமெனக் கருதினார் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். அவர் யாழ்ப்பாணத்திலே பொதுக்கூட்டங் கூட்டி, இருபத்தெட்டு வயதினராகிய இராமநாதனாரே தக்கவர் என்று எடுத்துரைத்தார். அவ்வாறே நியமனமும் நடந்தது. அவ்வாண்டு மார்கழியில் நாவலர் சிவபதமடைந்தார். தம் வாழ்நாளின் இறுதியாண்டிலே நாவலர் செய்த இத்தெரிவு, பிற்காலத்திற் சைவக்கல்விக்குப் பெரும்பயன் தந்தமையை மேலே காண்போம்.

1879 முதல் 1892 வரை பதின்மூன்றாண்டுகள் அவர் சபையிலே தமிழர்க்குப் பிரதிநிதியாயிருந்தார். முன்னோர் வழங்கிவந்த ஒழுங்குகளும் சமய நிறுவனங்களும் காரணமின்றி அழிக்கப்படலாகா என்பதே அவர் கொள்கையின் அடி. அவ்வொழுங்கு தம் சமயத்தாரதாயினும் பிற சமயத்தாரதாயினும் அவர் வேறுபாடு கருதினாரல்லர். சைவராகிய அவர் வைகாசிப் பூரணைக்காக நின்றது அதனாலேயாம். எனினும் அந்நாளில் அவர் சொல்லிய யாவும் எல்லார்க்கும் உவப்பாயிருந்தன அல்ல. இலங்கைச் சோனகர் பிறப்பால் தமிழரே என்று அவர் 1880-களில் வாதித்தமை, தம்மை வேறினத்தவராகக் கொண்ட சோனகர் மனத்தைப் பெரிதும் புண்படுத்தியது. தனித்தொகுதி கேட்பாரை ஒன்றென்று பிறர் சொல்லிவிடுதலால் ஒற்றுமை உண்டாகாது என்பது நாம் கற்கத்தக்க பாடம்.

1892-இல் சபையினின்று நீங்கிச் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை ஏற்றார். 1906 வரை அப்பதவியில் இருந்தார்.

ஞானத்தேட்டம்

இக்காலத்திலே தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு யோகநெறியிலும் சித்தாந்த ஆராய்ச்சியிலும் தலைப்பட்டார். மத்தேயு, யோவான் என்னும் இருவர் எழுதிய சுவிசேஷங்களுக்கும் ஆங்கிலத்திலே உரையெழுதி, ஒன்றை 1898-இலும் மற்றதை 1902-இலும் வெளிப்படுத்தினார். சைவர் ஒருவர் விவிலியத்துக்கு உரைகாணுதல் அந்நாளிற் புதுமை. மிஷன் பாடசாலையொன்றிலே கற்றவனாதலின் இதனை யான் சிறப்பாக மதிக்கின்றேன். அங்கே ஆங்கிலமுங் கணிதமும் ஒழுங்கும் பெற்றேன்; அந்நன்றியை மறவேன். ஆயின் எம் சமயம் ஆராய்ச்சிக்குரிய ஒரு தத்துவம் என்பதை அப்பாடசாலையில் அறிந்திலேன். இராமநாதனாரோ பிறர் வேதத்தை இகழாது கற்று, சைவக்கண்கொண்டு அதன் பொருளை ஆராய்ந்தார். பிறநெறியை அறிதலும் தன்னெறியில் நிற்றலும் ஒருவரிடத்தே கூடும் என்பதற்கு அவர் சான்றாயினார். 1905, 1906 ஆண்டுகளில் அமெரிக்காவுக்குச் சென்று பல நகரங்களில் ஆன்ம விசாரஞ்செய்து சொற்பொழிவாற்றினார். 1914-இலே பகவற்கீதைக்குத் தமிழுரை வெளியிட்டார். தந்தையார் எடுப்பித்த கொச்சிக்கடைக் கோயிலை 1907 தொடங்கிக் கருங்கற்றிருப்பணியாகத் தம் பொருள்கொண்டு புதுக்கினார்.

மீண்டும் சபையில்

1911-இலே கல்விகற்ற இலங்கையர்க்கென ஓரிடம் தேர்தலுக்கு விடப்பட்டது. இலங்கையர் தம் பிரதிநிதியை வாக்களித்துத் தெரிந்த முதற்றேர்தல் அதுவே. நாட்டின் குடித்தொகை ஏறக்குறைய 41 இலட்சம். வாக்குரிமை பெற்றோர் 3000-க்கும் குறைந்தவர். அவர்களுட் பெரும்பாலார் சிங்களவர். எதிர்நின்றவரும் பேர்பெற்ற சிங்கள வைத்தியராகிய மார்க்கஸ் பெர்னாண்டோ. எனினும் இராமநாதனாரே வென்றார். அவ்வெற்றி இன ஒற்றுமைக்குச் சான்றென்று பலர் சொல்லுவர். சிங்களவருள்ளே நிலவிய சாதிப்பகையும் அதற்கு உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்லுதலே மெய்.

1915-ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே கண்டியிற் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டு பல இடங்களிற் பரவியது. ஜூன் மாதம் 2-ஆந் தேதி இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகத்தை அடக்குதல் என்னும் பேரால் விசாரணையின்றிச் சுடப்பட்டோரும், இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டோரும் பலர். எட்வேட் ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் ஜூலை மாதம் 7-ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். டீ. எஸ். சேனநாயக்கா, டீ. பி. ஜயதிலகா முதலிய சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டனர். பலரும் வாய்திறக்க அஞ்சிய அவ்வேளையில் அறுபத்துநான்கு வயதினராகிய இராமநாதனார் சபையிலே எழுந்து அரசாங்கத்தின் கொடுமைகளை நிரல்பட எடுத்துரைத்தார். பின்னர் முதலாம் மகாயுத்தத்தால் அபாயம் நிறைந்த கடலைக் கடந்து இங்கிலாந்து சென்று, குடியேற்ற நாட்டு மந்திரியிடம் முறையிட்டார். 1916-இலே அக்கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றிய நூலொன்றை இலண்டனில் வெளியிட்டார். தேசாதிபதி சால்மேர்ஸ் 1915-இன் முடிவிலேயே இலங்கையை விட்டு நீங்கினார். மீண்டுவந்த இராமநாதனாரை வண்டியிலமர்த்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்கள மக்கள் தாமே இழுத்துச் சென்றனர். அக்கலகத்திலே பொருளும் உயிரும் இழந்த முஸ்லிம்களோ தம் துயரை அவர் கருதிற்றிலர் என்று வருந்தினர். அவ்வருத்தமும் நியாயமுடையதே.

கல்விக்கொடை

சட்டசபைப் பணியினும் நிலைத்துநிற்பது அவருடைய கல்விப்பணி. அக்காலத்து யாழ்ப்பாணத்திலே ஆங்கிலக்கல்வி பெரும்பாலும் மிஷனாரிமார் கையிலிருந்தது. வண்ணார்பண்ணையிலே 1848-இல் நாவலர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை வழிகாட்டியது. எனினும் பெண்பிள்ளைகட்குச் சைவச் சூழலில் உயர்கல்வியளிக்கும் விடுதிக் கல்லூரி இல்லை. அக்குறையை நீக்கக் கருதி மருதனார்மடத்திலே 1913-இல் இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். அதற்கு முதல் அதிபராக வந்தவர் புளோரன்ஸ் பார் என்னும் ஆங்கிலப் பெண்மணி. இலண்டன் நாடகமேடையிற் புகழ்பெற்றவர், கவிஞர் யேற்ஸ் என்பார்க்கு நண்பர். அவர் 1917-இலே கொழும்பிற் காலமானார். பிற்காலத்திலே இராமநாதனாரின் துணைவியார் லீலாவதி அம்மையார் அக்கல்லூரியைப் பேணினார். அவ்வம்மையாரும் அவுஸ்திரேலியாவிற் பிறந்து சைவம் புகுந்தவர்.

ஆண்பிள்ளைகட்கு 1921-இலே திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அவ்வாண்டிலேயே சேர் பட்டமும் பெற்றார். அக்கல்லூரி வளாகத்திலேயே 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. இன்று மலைநாட்டிலிருந்தும் மாணாக்கர் அங்கே சென்று பட்டம் பெறுகின்றனர். ஒருவர் தம் சொந்தப் பொருளால் நட்ட மரத்தின் நிழல், அவர் நினைத்திராதார் மேலும் விழுகின்றது.

வாக்குரிமை வழக்கு

1924 முதல் இராமநாதனார் வடமாகாணத்தின் பிரதிநிதியாகச் சபையில் இருந்தார். அப்பொழுது வாக்குரிமை பெற்றோர் குடிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு நால்வர். கல்வியும் வருமானமும் சொத்துமே வாக்குக்குத் தகுதி. 1927-இலே டொனமூர் பிரபுவின் தலைமையில் ஒரு கொமிஷன் வந்தது. 1928-இலே வெளியான அதன் அறிக்கை, ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்குக, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்குக என்று விதந்துரைத்தது.

இராமநாதனார் இரண்டையும் எதிர்த்தார். பெண்கல்விக்குத் தம் செல்வத்தைச் சொரிந்த அவரே, பெண்களுக்கு வாக்கு வேண்டா என்று கொமிஷன்முன் வாதித்தார். கல்வியில்லாதார் கையில் வாக்குச் சென்றால் அதனைச் சூழ்ச்சிக்காரர் விலைக்கு வாங்குவர் என்றும், சாதியாசாரங்களோடு கூடிய பழைய ஒழுங்கு குலையும் என்றும் அஞ்சினார். இனவாரித் தொகுதியின்றித் தலையெண்ணி ஆளத்தொடங்கினால், சிறுதொகையினர் பெருந்தொகையினர்க்கு என்றும் அடங்கிநிற்க நேரும் என்பது அவருடைய மற்றோரச்சம். 1929-ஆம் ஆண்டு டிசம்பரிலே அத்திட்டம் சபையில் 19 வாக்கு ஆதரவாகவும் 17 வாக்கு எதிராகவும் பெற்று நிறைவேறியது. எழுபத்தெட்டு வயதைக் கடந்த நிலையிலும் அவர் சோர்ந்தாரல்லர். 1930-இல் நீண்டதொரு விண்ணப்பம் வரைந்து இலண்டன் சென்று முறையிட்டார். அம்முயற்சி பயன்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதம் 26-ஆந் தேதி அவர் சிவபதமடைந்தார். அவருடைய திருமேனி இராமநாதன் கல்லூரி வளாகத்திலே சமாதி வைக்கப்பட்டது.

அவர் அஞ்சிய சர்வசன வாக்குரிமை 1931-இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர்க்கு அது முழுமையாகக் கிடைத்ததன்று. அவர்கள் இந்நாட்டையே நிலையான இருப்பிடமாகக் கொண்டமையைக் காட்டவேண்டும், அல்லது ஐந்தாண்டுக் குடியிருப்புக்குச் சான்று பெறவேண்டும் என்னும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் ஏறக்குறைய ஓரிலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராயினர். அவ்வாண்டிலே அற்றன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் அரசாங்க சபைக்குச் சென்று, தொழில் மந்திரியுமானார். 1936-இலே அத்தொகுதியிற் கோ. நடேசையர் வென்றார். 1947-இலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நல்லதண்ணியை உள்ளடக்கிய மஸ்கெலியாத் தொகுதிக்கு ஜீ. ஆர். மோத்தா பிரதிநிதியானார். லயக்காம்பிராவில் வாழ்ந்தார் தம் பிரதிநிதியைத் தாமே தெரிந்தனர்.

அந்நிலை நீடித்திலது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலார் குடியுரிமை இழந்தனர். 1949-இலே தேர்தற்சட்டத் திருத்தத்தால் வாக்கும் போயிற்று. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் தம்மவர் ஒருவரையேனும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப இயலவில்லை. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினர். எஞ்சினோர்க்கு 1988-இலும் 2003-இலும் இயற்றப்பட்ட சட்டங்களாலே குடியுரிமை வழக்கு ஒருவாறு முடிவுற்றது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை நோக்குமிடத்து இராமநாதனாருடைய அச்சங்கள் இரண்டனுள் ஒன்று மெய்யாயிற்று, ஒன்று பொய்யாயிற்று. பெருந்தொகையினர் சிறுதொகையினரைச் சபைவாக்கினாலே ஒடுக்கக்கூடும் என்று அவர் அஞ்சினார். 1948-இலும் 1949-இலும் மலைநாட்டார்க்கு நேர்ந்தது அதுவே. ஏழைகளும் எழுத்தறியாதாரும் வாக்குப்பெற்றால் நாடு கெடும் என்றும் அஞ்சினார். எம் மலைகளில் அது நேர்ந்திலது. வாக்குப் பெற்ற பதினெட்டாண்டுகளில் அத்தொழிலாளர் கேட்டவை கூலியும் பள்ளிக்கூடமும் மருந்துமே. கேடு விளைந்தது வாக்கைக் கொடுத்ததனால் அன்று; கொடுத்ததைப் பறித்ததனால். முதலச்சத்துக்கு அவர் கண்ட மருந்து, அந்நோயையே வேறொரு பெயரால் எம்மக்கட்குத் தருவதாயிருந்தது.

அவர் தம்பியார் அருணாசலம் வேறு வழி நின்றார். தோட்டத் தொழிலாளர் நலத்துக்காக 1919-இலே சங்கம் நிறுவி, வேலைவிட்டு நீங்கிய கூலியாளைச் சிறையிலிடும் சட்டப்பிரிவுகளை ஒழிக்க முயன்றார். அவை 1921-இல் ஒழிந்தன. ஒரே வீட்டிற் பிறந்து, ஒரே திருமுறையை ஓதி வளர்ந்த இருவர், ஏழைகளைக் குறித்து இருவேறு முடிவு கொண்டனர். ஆதலின் இராமநாதனாருடைய அம்முடிவு சைவத்தால் விளைந்தது என்று பிறர் பழித்தற்கு இடமில்லை. சைவத்தின்மேல் ஏற்றி நாம் அதனைக் காத்தற்கும் இடமில்லை. அது அவர் காலத்தது, அவர் குலத்தது.

கல்விகற்றவரே வாக்குக்கு உரியர் என்று கருதிய ஒருவர், கல்வியைத் தம் பொருளாற் பரப்பினார் என்பதே அவரிடம் நாம் கொள்ளத்தக்க பெருமை. ஆனால் அவர் கட்டிய கல்லூரிகள் இரண்டும் யாழ்ப்பாணத்தில் உள்ளன. தோட்டத்துச் சிறார்க்குக் கல்வியளித்தல் தோட்டத் துரைமாரின் கடன் என்று 1920-ஆம் ஆண்டுக் கல்விச்சட்டம் விதித்தும், நெடுங்காலம் ஒற்றை அறையும் ஓராசிரியருமே எம் பள்ளிகளாயிருந்தன. 1977-க்குப் பின்னரே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தகுதியில்லார்க்கு வாக்கில்லை என்பார், தகுதியைத் தரும் பள்ளியை எல்லார் வாயிலிலும் முன்னரே வைத்திருத்தல் வேண்டும். அது வையாதபோது தகுதி என்னுஞ் சொல் பூட்டிய கதவாகும்.

அம்மாணாக்கிக்கு யான் மறுநாட் சொல்லிய விடை இதுவே. சிறைப்பட்ட சிங்களவர்க்காகக் கடல்கடந்த அப்பெரியார், மலையேறி உன் பாட்டியாரின் லயத்தைக் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பார் என்பதை யாம் அறியோம். அவர் செய்யாது விட்டதைச் செய்யும் கடமை நம்முடையது. அவர் பெண்பிள்ளைகட்குக் கல்லூரி கட்டினார். அத்தகைய கல்வியைப் பெற்று, பெண்களுக்கு வாக்கு ஆகாதென்ற அவர் கூற்றை உன் வாழ்வினாலே மறுத்துவிடு. அதனைவிட அவர்க்குச் செய்யத்தக்க குருபூசை வேறில்லை.

அவள் எழுதுகோலை எடுத்துக் கொப்பியைத் திறந்தாள். யானும் பாடத்தை மேலே தொடங்கினேன்.